பட்டியலுக்குக் கீழே உள்ள வரிகள்

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோய் வகைப்பாட்டுக் கையேட்டை டிஎஸ்எம் என்பார்கள். அதில் ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு பற்றிய பகுதியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 18 அறிகுறிகள். முதல் 9 கவனத்தைப் பற்றியவை: சின்னச் சின்ன விவரங்களில் கோட்டை விடுவது, முகத்துக்கு நேரே பேசினாலும் காதில் விழாதது போல இருப்பது, ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவது, பென்சிலையும் நோட்டையும் தொலைப்பது. அடுத்த 9 துறுதுறுப்பையும் அவசரத்தையும் பற்றியவை: உட்கார்ந்த இடத்தில் நெளிவது, வகுப்பில் எழுந்து எழுந்து போவது, ஓயாமல் பேசுவது, கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவது, தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாமல் தவிப்பது. இரண்டில் ஒரு பட்டியலிலாவது 6 அறிகுறிகள் பொருந்த வேண்டும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைப் படிக்கும் பெற்றோர் பலர் தங்கள் பிள்ளையை அதில் பார்த்துவிடுகிறார்கள். ஆசிரியர்கள் வகுப்பில் பாதிப் பேரைப் பார்த்துவிடுகிறார்கள். அதில் வியப்பில்லை. ஒவ்வொரு அறிகுறியும் எல்லாக் குழந்தைகளிடமும் ஏதோ ஓர் அளவில் இருப்பதுதான்.

பட்டியலுக்குக் கீழே இன்னும் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, விளையாட்டு இடம் என்று குறைந்தது இரண்டு சூழல்களில் தெரிய வேண்டும். படிப்பையோ நட்பையோ அன்றாட வாழ்க்கையையோ அவை கெடுக்க வேண்டும். வேறொரு கோளாறு அவற்றை இன்னும் பொருத்தமாக விளக்கிவிடக் கூடாது. ஏடிஎச்டி வகைப்பாட்டின் உயிர் இந்த நான்கில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் பள்ளியிலும் வீட்டிலும், சில சமயம் மருத்துவமனையிலும், அதிகம் விட்டுப்போவதும் இந்த நான்குதான். அது ஏன் பெரிய இழப்பு என்று புரிய, பட்டியல் உருவான கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1902இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் சில சிறார்களைப் பற்றி உரையாற்றினார். அறிவில் குறை இல்லை. ஆனால் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள அவர்களால் முடியவில்லை. தண்டித்தாலும் அடுத்த நிமிடம் அதையே செய்கிறார்கள். ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்று அதை அவர் அழைத்தார். இன்று காதுக்கு உறுத்தும் பெயர். இருந்தாலும், வளர்ப்புதான் காரணம் என்று முடித்துவிடாமல் உடலில் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று அவர் தேடினார்.

1917 தொடங்கி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு விசித்திரமான மூளைக்காய்ச்சல் பரவியது. பிழைத்த குழந்தைகள் பலர் முன்பு இருந்தது போல இல்லை. அமைதியாக இருந்தவர்கள் நிலைகொள்ளாமல் அலைந்தார்கள், வெடுக்கென்று கோபப்பட்டார்கள், எதிலும் நிலைக்கவில்லை. மூளை பாதிக்கப்பட்டால் துறுதுறுப்பு வரலாம் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. அதோடு நின்றிருக்கலாம். அடுத்த நாற்பது ஆண்டுகளில் மருத்துவ உலகம் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் போட்டது: துறுதுறுப்பாக இருக்கும் குழந்தைக்கு மூளையில் எங்கோ சேதம் இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது மிகச் சிறிய சேதம். இப்படிப் பிறந்ததுதான் 'குறைந்தபட்ச மூளைச் சேதம்' என்ற நோய்ப்பெயர். சேதம் இருக்கிறதா என்று சோதித்துச் சொன்னதல்ல அது. நடத்தையைப் பார்த்து ஊகித்தது. 1962இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய குழந்தை நரம்பியல் வல்லுநர்கள் இதைக் கைவிடச் சொன்னார்கள். சேதம் என்பது 'செயல்பாட்டுக் குறை' ஆனது. 1966இல் அமெரிக்கக் குழு ஒன்று அந்தப் புதிய பெயரின் கீழ் ஏறக்குறைய நூறு அறிகுறிகளை அடுக்கியது. அத்தனை அறிகுறிகளுக்கு இடம் தரும் ஒரு பெயர் எந்தக் குழந்தையையும் விட்டு வைக்காது.

இதற்கிடையே நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1932இல் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் ஃப்ரான்ஸ் கிராமர், ஹான்ஸ் போல்னோ என்ற இரு மருத்துவர்கள் குழந்தைகளின் மிகையியக்க நோய் ஒன்றை வருணித்தார்கள். மூன்று நான்கு வயதில் தலைகாட்டி ஆறு வயதில் உச்சத்துக்குப் போகிறது; வளர வளரத் தணிகிறது; மூளைக்காய்ச்சலுக்குப் பின் வரும் தொல்லையிலிருந்து இது வேறானது என்று பிரித்துக் காட்டினார்கள். இன்றைய ஏடிஎச்டிக்கு மிக நெருங்கி வந்த அன்றைய வருணனை அது. மறு ஆண்டு நாஜிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். யூதர்களான இருவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கிராமர் நெதர்லாந்துக்குப் போனார். பிரான்சுக்குத் தப்பிய போல்னோ 1943இல் மவுட்ஹவுசன் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அவர்கள் தொட்ட இடத்துக்கு ஆங்கில உலகின் மருத்துவம் வந்து சேர ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது.

மருந்தின் கதை இன்னும் விந்தை. நோய்க்கு நிலையான பெயர் கிடைக்கும் முன்பே மருந்து கிடைத்துவிட்டது. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கல் உள்ள 30 குழந்தைகளுக்கு பென்சிட்ரின் என்ற மருந்தைக் கொடுத்தார். அவர்களில் பாதிப் பேர் பாடங்களில் சட்டென்று முன்னேறினார்கள். கிளர்ச்சியூட்டும் மருந்து துறுதுறுப்பை எப்படித் தணிக்கிறது என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை.

1968இல் வந்த டிஎஸ்எம் இரண்டாம் பதிப்பு 'குழந்தைப் பருவ மிகையியக்க எதிர்வினை' என்று ஒரு பெயரை வைத்து, ஓரிரு வரிகளில் முடித்துக்கொண்டது. அளவுகோல் எதுவும் இல்லை. மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். 1972இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் வர்ஜீனியா டக்ளஸ், இந்தக் குழந்தைகளின் அடிப்படைச் சிக்கல் ஓட்டத்தில் இல்லை, கவனத்தை ஒன்றில் நிறுத்தி வைப்பதிலும் அவசரத்தை அடக்குவதிலும் இருக்கிறது என்று வாதிட்டார். 1980இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் அமெரிக்க மனநல மருத்துவமே ஒரு பெரிய முடிவை எடுத்திருந்தது: காரணம் உறுதியாகத் தெரியாத நோய்களுக்குக் காரணத்தை வைத்துப் பெயர் சூட்டுவதில்லை, வெளியே தெரிவதை மட்டும் எழுதுவோம், எத்தனை பொருந்தினால் நோய் என்று எண் குறிப்போம். பட்டியல் யுகம் அப்படித்தான் பிறந்தது.

ஒரு சிறுமியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எட்டு வயது. யாருக்கும் தொல்லை தராதவள். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும். டிபன் பாக்ஸை வாரம் ஒருமுறை தொலைப்பாள். 1979இல் அவளை அமெரிக்க மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போயிருந்தால், ஓடியாடும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதிய கையேட்டில் அவளுக்கு ஏற்ற இடம் இருந்திருக்காது. 1981இல் 'மிகையியக்கம் இல்லாத கவனக்குறைவு' என்ற பெயர் கிடைத்திருக்கும். 1987இல் பதிப்பைத் திருத்தியவர்கள், அதுவரை கவனக்குறைவு, அவசரம், மிகையியக்கம் என்று பிரிந்திருந்த மூன்று தனிப் பட்டியல்களையும் கலைத்து 14 அறிகுறிகள் கொண்ட ஒரே பட்டியலாக்கி, 8 பொருந்தினால் போதும் என்றார்கள். அந்த 14இல் பெரும்பகுதி துறுதுறுப்பும் அவசரமும்தான். எனவே 1988இல் நம் சிறுமியை 'வகைப்படுத்தாத கவனக்குறைவு' என்ற உதிரிப் பிரிவுக்குள் தள்ளியிருப்பார்கள். 1994இல் நான்காம் பதிப்பு மீண்டும் இரண்டு பட்டியலாகப் பிரித்து, கவனக்குறைவு மேலோங்கியது, மிகையியக்கமும் அவசரமும் மேலோங்கியது, இரண்டும் கலந்தது என்று மூன்று உட்பிரிவுகளை வைத்தது. 1995இல் அவள் முதல் உட்பிரிவில் சேர்ந்திருப்பாள். இத்தனை மாற்றத்திலும் அவளுடைய டிபன் பாக்ஸ் தொலைந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

பெயர் இப்படி மாறுவதைப் பார்த்து, 'அப்படியானால் இது மருத்துவர்கள் கட்டிவிட்ட கதை' என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். அது தவறு. இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், குழந்தைக்குக் குழந்தை இதில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 விழுக்காடு மரபணு வழி வருவதாகத் தெரிகிறது. 2007இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஃபிலிப் ஷா குழு மூளைப் படங்களை ஒப்பிட்டது. மூளைப் புறணியின் பாதி இடங்கள் உச்சத் தடிமனை அடையும் வயது மற்ற குழந்தைகளில் சராசரியாக 7.5, ஏடிஎச்டி உள்ளவர்களில் 10.5. மூன்று ஆண்டுகள் பிந்துகிறது. உடலில் வேர் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை பல நூறு குழந்தைகளின் சராசரி. உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் ஸ்கேனைப் பார்த்து இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையும் கிடையாது. அதனால்தான் இன்றும் பட்டியலை நம்ப வேண்டியிருக்கிறது.

இயல்புக்கும் நோய்க்கும் இடையிலான கோட்டை எங்கே போடுவது என்பதில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் நெடுங்காலம் ஒத்துப்போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடியின் பத்தாம் பதிப்பு 1990களில் நடைமுறைக்கு வந்தபோது, டிஎஸ்எம் நான்கின் 18 அறிகுறிகளை ஏறக்குறைய அப்படியே வைத்திருந்தது. ஓயாமல் பேசுவதை மட்டும் துறுதுறுப்பிலிருந்து எடுத்து அவசரத்தின் கீழ் சேர்த்தது. பெரிய வேறுபாடு கணக்கில்தான். ஆய்வுக்கான அதன் அளவுகோலின்படி கவனக்குறைவில் 6, மிகையியக்கத்தில் 3, அவசரத்தில் 1 என்று மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். குழந்தைக்குப் பதற்ற நோயோ மனச்சோர்வோ இருந்தால் இந்தப் பெயர் கிடையாது. அமெரிக்கக் கையேடோ இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதிக்கொள்ளலாம் என்றது.

இது ஏட்டளவிலான சண்டை இல்லை. 1999இல் முடிவுகள் வெளியான எம்டிஏ என்ற அமெரிக்கச் சிகிச்சை ஆய்வில் 579 குழந்தைகள் இருந்தார்கள். எல்லோரும் டிஎஸ்எம் நான்கின்படி கலப்பு வகை ஏடிஎச்டி உள்ளவர்கள். சில ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளின் பதிவுகளை ஐசிடி அளவுகோலில் வைத்துப் பார்த்தார்கள். 145 பேர்தான் தேறினார்கள். நான்கில் ஒருவர். அந்த 145 பேரிடம், நடத்தைப் பயிற்சியைவிட மருந்து கூடுதலாகப் பலன் தந்தது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இறுக்கமான வலையில் கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் சிக்கினார்கள். தளர்வான வலை, உதவி தேவைப்படும் மற்றவர்களையும் சேர்த்துப் பிடித்தது. எது சரி என்று கேட்டால், நான் தளர்வான வலையின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் பிடிபட்ட எல்லோருக்கும் ஒரே சிகிச்சை என்று ஆகிவிடக் கூடாது.

கடைசியில் இரண்டு கையேடுகளும் நெருங்கி வந்தன. 2013இல் டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு, தொடங்கும் வயதின் வரம்பை 7இலிருந்து 12க்கு நகர்த்தியது. அமைதியான குழந்தைகளின் சிரமம் பாடம் கடினமாகும் வகுப்புகளில்தான் வெளிப்படுகிறது என்பது தெளிவாகியிருந்தது. 17 வயது நிரம்பியவர்களுக்கு 5 அறிகுறிகள் போதும் என்றது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஏடிஎச்டி என்ற பெயரையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்ற பழைய தடையை நீக்கியது. எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தடையால் பாதி உதவியோடு நின்றிருந்தன. உட்பிரிவு என்ற சொல்லையும் கைவிட்டு, இப்போதைய வெளிப்பாடு என்று மட்டும் குறிக்கச் சொன்னது. ஒரே குழந்தையை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து பார்த்தபோது வகை மாறிக்கொண்டே இருந்ததுதான் காரணம். நான்கு வயதில் சுவரேறிக் குதித்தவன் எட்டு வயதில் கலப்பு வகைக்கு வருகிறான். பதினைந்தில் ஓட்டம் நின்று கவனக்குறைவு மட்டும் மிஞ்சுகிறது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி பதினொன்றாம் பதிப்பும் ஏடிஎச்டி என்ற பெயரையே ஏற்று, இத்தனை அறிகுறி என்று எண் குறிக்காமல் மருத்துவரின் மதிப்பீட்டுக்கு விட்டுவிட்டது.

கையேடுகள் எண்ணை எட்டு, ஆறு, ஐந்து என்று நகர்த்த முடிவது ஏன்? ரத்த அழுத்தம் போல இதுவும் ஒரு தொடர்ச்சி. எல்லாக் குழந்தைகளும் அந்த நீளக்கோட்டில் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறார்கள். 5 அறிகுறி உள்ள குழந்தைக்கும் 6 உள்ள குழந்தைக்கும் இடையே இயற்கை எந்தச் சுவரையும் எழுப்பவில்லை. மேலும் ஒவ்வோர் அறிகுறிக்கும் முன்னால் 'அடிக்கடி' என்ற சொல் நிற்கிறது. எத்தனை தடவை என்றால் அடிக்கடி? பொறுமையான பாட்டிக்கு ஒரு கணக்கு, 50 பிள்ளைகளை மேய்க்கும் ஆசிரியருக்கு வேறு கணக்கு. எண் ஆட்டம் காணும் இந்த இடத்தில் தீர்ப்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவை கீழே உள்ள அந்த நான்கு நிபந்தனைகள்தான்.

வயதை எடுத்துக்கொள்வோம். 12 வயதுக்கு முன்பே தெரிந்ததா என்பதோடு, அந்த வயதுக்கு அது இயல்புதானா என்றும் பார்க்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் ஆண்டின் சனவரி முதல் டிசம்பர் 31 வரை பிறந்த குழந்தைகள் ஒரே வகுப்பில் சேர்கிறார்கள். 9 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை அலசி 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, சனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த சிறுவர்களுக்கு ஏடிஎச்டி என்று பெயர் சூட்டப்படுவது 30 விழுக்காடு அதிகம் என்று காட்டியது. சிறுமிகளில் 70 விழுக்காடு. வகுப்பிலேயே இளையவர்கள் அவர்கள். பக்கத்தில் இருப்பவரைவிடப் பதினொரு மாதம் சின்னவர்கள். அந்தக் குழந்தைகள் சிலருக்கு வயதுக்குரிய இயல்பே நோயாகப் பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் ஒரு வயது முன்னதாகவே எல்கேஜியில் சேர்த்துவிட ஆசைப்படும் பெற்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டு சூழல்கள் என்ற நிபந்தனைக்கும் வலுவான காரணம் உண்டு. பள்ளியில் மட்டும் தொல்லை என்றால், அது வகுப்பறையின் சிக்கலாக இருக்கலாம், புரியாத பயிற்று மொழியாக இருக்கலாம், எழுத்துக் கூட்டிப் படிக்கும் திறனில் உள்ள குறையாக இருக்கலாம். வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசாத குழந்தை ஆங்கில வழி வகுப்பில் எட்டிப் பார்த்துக்கொண்டும் நெளிந்துகொண்டும் இருந்தால், முதலில் கேட்க வேண்டியது பாடம் புரிகிறதா என்பதைத்தான். வீட்டில் மட்டும் தொல்லை என்றால் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பெற்றோர் சொல்வதும் ஆசிரியர் சொல்வதும் பல ஆய்வுகளில் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போயிருக்கின்றன. அதனால்தான் இருவரையும் கேட்க வேண்டும்.

வேறு காரணம் இல்லையா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் கடினம். சரியாகக் காது கேட்காத குழந்தை சொன்னதைக் கவனிக்காது. மூக்கடியில் சதை வளர்ந்து இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்ட குழந்தை பகலில் மந்தமாகவும் இருக்கும், துறுதுறுவென்றும் இருக்கும். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் ஒருவகை வலிப்பைப் பகல் கனவு என்று வகுப்பில் திட்டிவிடுவார்கள். பார்வைக் குறை, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, பயம், அடி உதை, வீட்டில் குடி என்று நீளும் வரிசை இது. ஏடிஎச்டியோடு சேர்ந்தே இவற்றில் ஒன்று இருக்கவும் கூடும். எம்டிஏ ஆய்வின் 579 குழந்தைகளில் வேறு எந்தக் கோளாறும் இல்லாமல் ஏடிஎச்டி மட்டும் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பாதிப்பு என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கெடுப்புகளில் காணலாம். உலகெங்கும் நடந்த 102 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான கட்டுரை, குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் 5.29 விழுக்காட்டினருக்கு ஏடிஎச்டி என்று மதிப்பிட்டது. இடத்துக்கு இடம் எண் மாறுவதற்குப் பெரும்பாலும் ஆய்வு செய்த முறைதான் காரணம் என்றும், எந்தக் கையேடு, யாரைக் கேட்டார்கள், பாதிப்பைப் பார்த்தார்களா என்பவை முக்கியம் என்றும் சொன்னது. 2013இல் வெளியான கோயம்புத்தூர் ஆய்வு ஒன்று, 770 தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் கானர்ஸ் அளவுகோல் என்ற கேள்வித்தாளின் சுருக்க வடிவத்தைப் பயன்படுத்தி 11.32 விழுக்காடு என்றது. கோவைப் பிள்ளைகள் உலகத்தைவிட இருமடங்கு துறுதுறுப்பானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சுருக்கமான கேள்வித்தாள் யாரை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று காட்டும் கருவி. அதில் மதிப்பெண் கூடுவதே நோய் ஆகிவிடாது.

எதிர்ப் பக்கத்தின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 'அறுந்த வால், வளர்ந்தா சரியாயிடும்' என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் போன குழந்தைகள் நம்மிடையே ஏராளம். அடி வாங்கி, வகுப்புக்கு வெளியே நின்று, நண்பர்கள் விலகி, தான் மட்டமானவன் என்று பத்து வயதிலேயே முடிவு செய்துகொண்ட பிள்ளைகள் அவர்கள். சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமி அவ்வளவுகூடக் கண்ணில் படுவதில்லை. அவளை மருத்துவரிடம் அனுப்ப யாருக்கும் தோன்றுவதில்லை. டிஎஸ்எம் நான்காம் பதிப்பின் அளவுகோலைச் சோதித்த கள ஆய்வில் இருந்தவர்களே பெரும்பான்மையும் சிறுவர்கள்தான். இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இல் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டபோது ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. ஏடிஎச்டி அதில் தனியாக இடம்பெறவில்லை. அது இடம்பெற வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

உங்கள் பிள்ளையைப் பற்றி ஐயம் இருந்தால் தள்ளிப்போடாமல் குழந்தை மனநல மருத்துவரிடமோ வளர்ச்சிசார் குழந்தை மருத்துவரிடமோ போங்கள். போகும்போது வகுப்பாசிரியரிடம் கேட்டு, பிள்ளை எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், எப்படி நடந்துகொள்கிறான் என்று ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் பார்ப்பதை இன்னொரு பக்கம் எழுதுங்கள். காது, கண், தூக்கம் மூன்றையும் பற்றி மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு கேள்வித்தாளை மட்டும் நிரப்பச் சொல்லிவிட்டு யாராவது நோயின் பெயரை எழுதித் தந்தால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.